அஜ்மாயிஷ் நடையும் ஒரு வீட்டுச் சாப்பாடும்

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்திருந்த மருமகள் கைப்பேசியில் படங்கள் காட்டினாள். பாலித் தீவுக்குப் போய் வந்தார்களாம். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக நெல் வயல். உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நடக்கிறார், பின்னால் இவர்கள் பத்துப் பேர். மூன்று மணி நேரம் வரப்பு மேல் நடந்துவிட்டு, கடைசியில் அவர் வீட்டிலேயே பாய் விரித்துச் சாப்பாடு. அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். தொகையைக் கேட்ட என் மனைவி, "வரப்புல நடக்கவா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. அங்கே வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் உழவர் சங்கத்துக்கு சுபக் என்று பெயர். 2012ல் யுனெஸ்கோ அந்த வயல்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அதே வேலையை, அதாவது ஒருவர் வழிகாட்ட வரப்பில் நடந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதை, நான் சம்பளம் வாங்கிக்கொண்டே பல வருஷம் செய்திருக்கிறேன். அதற்கு எங்கள் இலாகாவில் அஜ்மாயிஷ் என்று பெயர். "மாமா, அப்படின்னா என்ன?" என்று அவள் கேட்டாள். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கழனிகளை அதிகாரிகள் நடந்து பார்த்த கதை 1792லிருந்து தொடங்குகிறது. அந்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். வாணியம்பாடியும் திருப்பத்தூரும் அப்போது பாராமகாலைச் சேர்ந்தவை. ஆம்பூரும் வேலூரும் ஆற்காட்டு நவாபின் சீமை. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி திருப்பத்தூரில் இருந்துகொண்டு வரி விவகாரத்தைப் பார்த்தார். அவருக்குக் கீழே இருந்த உதவியாளர்களில் ஒருவர்தான் தாமஸ் மன்றோ, பிற்பாடு சென்னை கவர்னரானவர். ஊருக்கு மொத்தமாக இவ்வளவு என்று வரி போடாமல், ஒவ்வொரு கழனியாக அளந்து, அதை உழுகிறவன் பேரிலேயே கணக்கு வைக்கும் முறையை இவர்கள் இங்கேதான் பழகினார்கள். ரயத்துவாரி என்று நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது திருப்பத்தூர், தர்மபுரி வரப்புகளில் நடந்து நடந்து உண்டான சங்கதி. மேசையில் உட்கார்ந்து கழனியை அளக்க முடியாதல்லவா. ஊர்க் கர்ணம் முன்னால் போக, சங்கிலி பிடிக்கிறவர்கள் பின்னால் போக, நடந்தே ஆக வேண்டும்.

அடுத்து 1800ல் பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர் வந்தார். திப்பு மறைந்த மறு வருஷம், மைசூர்ச் சீமையின் விவசாயத்தைப் பார்த்து எழுதச் சொல்லி வெல்லெஸ்லி பிரபு அனுப்பிய ஆள். ஏப்ரல் மாதம் சென்னையில் புறப்பட்டு ஆற்காடு, வேலூர், பள்ளிகொண்டா, சாத்கர் வழியாக நாயக்கனேரிக் கணவாய் ஏறினார். கடுங்கோடை. பாலாற்றில் ஓட்டம் இல்லை. ஆனால் மணலைத் தோண்டிக் கால்வாய் வெட்டி, ஊறிவரும் தண்ணீரைச் சேர்த்துக் கரைக் கழனிகளுக்குக் கொண்டுபோவதை அவர் குறித்து வைத்திருக்கிறார். என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊற்றுக்கால் என்றால் போதும். வருஷம் ஒரு தடவை ஊரே மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கிக் கால் தூர்வாரும். மேலே பார்த்தால் வெறும் மணல். இரண்டு ஆள் மட்டத்துக்குக் கீழே நதி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். 348 கிலோமீட்டர் ஓடுகிற பாலாற்றில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி மணலுக்கு அடியிலேயே ஓடிய ஆறு.

பாலியில் இருப்பது போல மலையை வெட்டிய படிவயல் நமக்கு இல்லை. ஜவ்வாது மலைக்குப் போனால் கல் அணைத்துச் சாமை போட்ட சரிவுகளைப் பார்க்கலாம். ஆனால் ஏரிக்கரை மேல் நின்று ஆற்றுப் பக்கம் பாருங்கள். மதகிலிருந்து ஆறு வரை கழனிகள் முழ உயரம், சாண் உயரம் என்று இறங்கிக்கொண்டே போகும். மேல் கழனி நிரம்பி மடை வழியாகக் கீழ்க் கழனிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. கண்ணுக்குச் சமதரையாகத் தெரிவதைத் தண்ணீர் படிக்கட்டாகக் கண்டுபிடித்துவிடும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். ஆற்காட்டுக் கிச்சிலிச் சம்பா என்று நம் சீமைப் பெயரிலேயே ஒரு நெல் இருந்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் போகிற சீரகச் சம்பாவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கிச்சிலியை மறந்துவிட்டார்கள்.

இப்போது அஜ்மாயிஷுக்கு வருகிறேன். சோதித்துப் பார்ப்பது என்று அர்த்தம், நவாப் காலத்துச் சொல். கிராமக் கணக்கில் இரண்டாம் நம்பர் அடங்கல். எந்தச் சர்வே நம்பரில் யார் என்ன பயிர் வைத்தார், பாசனம் எது, விளைச்சல் எப்படி என்று அதில் எழுத வேண்டும். எழுதியது சரியா என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் தாசில்தாரும் கழனிக்கே வந்து பார்ப்பார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் வேலைகளை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பரீட்சை எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் நானும் ஒருவன். பதவிப் பெயர் அவ்வளவு நீளம். ஊரார் பழைய பழக்கத்தில் 'மணியாரே' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

வழிகாட்டி தலையாரிதான். எந்த வரப்பு வழுக்கும், எந்தக் கிணற்று மேட்டில் நாய் இருக்கும், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விளைச்சலை அணாவில்தான் சொல்வார். முழு விளைச்சல் பதினாறணா. பாதி என்றால் எட்டணா. ஒன்றும் தேறாமல் காய்ந்து போனால் சாவி. அணா நாணயம் ஒழிந்து முப்பது வருஷம் ஆகியும் கழனியில் அது செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. மதியம் ஆனால் யாராவது ஒரு வீட்டில் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவார்கள். களியும் கருவாட்டுக் குழம்பும், அல்லது சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் முள் கத்தரிக்காயும். அந்தக் கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்தத் திண்ணைகள்தான் ஞாபகம் வந்தன.

தோலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்து நெல்லைப் பற்றிச் சொல்ல முடியாது. இரண்டும் ஆதியில் விரோதிகள் இல்லை. கவலை ஓட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள். இரும்புச் சால், அதன் அடியில் தோலால் தைத்த வால். வடத்தைக் கட்டி மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். வால்கயிறு தளர்ந்ததும் தோல்வால் தொட்டியில் விழுந்து தண்ணீரைக் கொட்டும். தோல் இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் கழனிக்கு ஏறியிருக்காது. அந்தத் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு. நாற்றம் இருந்தது, உப்பும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் பட்டையில் ஊற வைத்துத் தோல் எடுக்க வாரக்கணக்கில் ஆகும். தொழில் அந்த வேகத்தில்தான் வளர முடிந்தது.

அறுபதுகளில் மின்சார மோட்டார் வந்தது, கவலை போனது. எழுபதுகளில் தோல் ஷாப்புகளும் மாறின. பாதி பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்கிறோமே, முழுசாக முடித்துச் செருப்பாகவும் பூட்ஸாகவும் அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடுமே என்று சீதாராமையா கமிட்டி சொன்னது. 1973லிருந்து அரை பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. கணக்குப்படி அது சரியான யோசனைதான். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் அதனால் வேலை வந்தது, ஆயிரக்கணக்கான பெண்கள் கையில் மாதச் சம்பளம் பார்த்தார்கள். கூடவே குரோமியம் வந்தது. வாரக்கணக்கான வேலை நாள் கணக்கில் முடிந்தது. ஒரு கிலோ முடித்த தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று பின்னால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். அந்தத் தண்ணீர் வெளியே போக ஓடை, ஏரி, ஆறு தவிர வேறு இடமில்லை. மேல் கழனியிலிருந்து கீழ்க் கழனிக்கு இறங்கும் அதே படிக்கட்டில் அதுவும் இறங்கியது. மணலுக்கு அடியில் ஓடிய ஆறும் அதை வாங்கிக்கொண்டது.

1994 பிப்ரவரி. பசலி 1403. நவரைப் பயிர் பார்க்கத் தலையாரியோடு போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. அந்த வருஷம் ஏரி கோடி போயிருந்தது. மதகடிக் கழனியெல்லாம் கரும்பச்சை. ஓடைப் பக்கம் இறங்க இறங்கப் பச்சை வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு பெரியவரின் ஒன்றே முக்கால் ஏக்கர். நுனி கருகிய நெல், வரப்பு ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தலையாரி ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பெரியவர் புலம்பவில்லை. "கிணறு பொங்கி நிக்குது மணியாரே. மாடு வாய் வைக்க மாட்டேங்குது" என்றார். தண்ணீர் இல்லாமல் காய்ந்த பயிரைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் நிறைய இருந்து செத்த பயிரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி இலை போட்டார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். நான் நல்லெண்ணத்தில், "உங்க கழனி அரிசியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "ரேஷன் அரிசி. இந்தத் தண்ணில ஆக்கினா சோறு மஞ்சளாப் போவுது, பருப்பு வேவாது. குழாய்த் தண்ணி கொண்டாரத்துக்கு நாலு நடை போனேன்" என்றார். நான்கு குடம். அதில் ஒன்று நான் கை கழுவியது. மூத்த மகன் தோல் ஷாப்பில் வேலை செய்கிறான், அவன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. கழனியைக் கொன்ற தண்ணீர் வந்த இடத்திலிருந்துதான் என் இலையில் விழுந்த சோற்றுக்கும் காசு வந்தது. நான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வேண்டாம் என்று எழுந்திருந்தால் அவர்கள் மனசு நோகும் என்று நினைத்தேன்.

அன்று மாலை அடங்கலைத் திறந்தேன். சாவி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஏரி கோடி போன வருஷத்தில் சாவி என்று எழுதினால் மேலே கேள்வி வரும். மழை பொய்த்தது, வெள்ளம் வந்தது என்று காரணம் காட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். கிணற்றுத் தண்ணீரே பயிரைக் கொன்றது என்று எழுத எந்தக் கலமும் இல்லை. இதை நானே வந்த காரணமாகச் சொல்லிக்கொண்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. விளக்கம் எழுதச் சோம்பல், கேள்விக்குப் பயம், அவ்வளவுதான். 'நெல் – எட்டணா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறு வருஷம் அவர் நடவு செய்யவில்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தக் கலத்தில் தரிசு.

எனக்குத் தெரியாமல் வேறு இடத்தில் வேறொரு காகிதம் நகர்ந்துகொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991லேயே உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் ஷாப்புகள் உள்ள வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கை அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. ஒவ்வொரு தோல் ஷாப்பும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்டச் சொன்னது, சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னது. இன்றைக்கு நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் 'வெல்லூர் கேஸ்' என்று நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடக்கிறது. என் பேத்தியின் தோழி டெல்லியில் சட்டம் படிக்கிறாள். நான் வேலூர்ப் பக்கம் என்றதும் அவள் கேட்டது கோட்டையைப் பற்றியும் இல்லை, சி.எம்.சி.யைப் பற்றியும் இல்லை.

தீர்ப்பின்படி ஓர் ஆணையம் அமைத்துப் பாதிப்பைக் கணக்கெடுத்தார்கள். 2001 மார்ச்சில் முடிவு வந்தது. வேலூர் மாவட்டத்தில் 29,193 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய். பெரிய தொகை போலத் தெரியும். வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். பழக்க தோஷம், நான் உடனே வகுத்துப் பார்த்தேன்.

அதற்குள் நான் வேறு தாலுகாவுக்கு மாற்றலாகியிருந்தேன். பெரியவரின் இளைய மகன் தேடி வந்தான். முதலில் எடுத்த பட்டியலில் அப்பா பெயர் இல்லை என்றான். "எட்டணா விளைஞ்சதா எழுதியிருக்கு, அப்புறம் அவரா நடவு நிறுத்திட்டாருன்னு சொல்றாங்க சார்" என்று அடங்கல் நகலை நீட்டினான். என் கையெழுத்துதான். நல்ல கையெழுத்து என்று எனக்குப் பெயர் உண்டு, ஒரு எழுத்துகூடக் கலங்கவில்லை. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அன்னைக்கு நீங்க நேர்ல பாத்தீங்கல்ல சார்?" என்று மட்டும் கேட்டான். பார்த்தேன் என்றேன்.

நான் கண்டது என்ன, எழுதியது என்ன என்று இரண்டு பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உத்தியோகத்தில் இருக்கும்போது இப்படி எழுதித் தரலாமா என்று வீட்டில் பயந்தார்கள். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் பெயர் ஏறியது. பணம் வந்தபோது வாங்கிக்கொள்ளப் பெரியவர் இல்லை, அவர் மனைவி கைநாட்டு வைத்து வாங்கினார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

கதை அதோடு முடியவும் இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமியத்தைப் பிடித்தாலும் தண்ணீரில் கரைந்த உப்பைப் பிடிப்பது பெரும் பாடாக இருந்தது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது ஆம்பூர்ப் பாலத்தில் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். 1903 நவம்பர் வெள்ளத்துக்கு வாணியம்பாடியில் நினைவுத்தூண் நிற்கிறது, அதைப் பற்றித் தாத்தா சொன்னதைப் பக்கத்தில் நின்ற பையனிடம் சொன்னேன், அவன் வீடியோ எடுப்பதில் மும்முரமாக இருந்தான். 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொன்னது. இன்னும் ஈடு போய்ச் சேராத குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் கொடுக்க வேண்டும், கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்று. மனுப் போட்டு முப்பத்து மூன்று வருஷம் கழித்து.

மருமகளிடம் இதையெல்லாம் சொன்ன மறுநாள், "அந்த ஊருக்குப் போலாமா மாமா?" என்று கேட்டாள். பேரனையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம். கட்டணம் இல்லை, வழிகாட்டி நான்தான். தலையாரி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மதகடியில் இன்னும் நெல் இருக்கிறது, அதற்குக் கீழே தென்னை, அதற்கும் கீழே கல் நட்ட மனைகள். படிக்கட்டின் உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது, பேரன் குதித்துக் குதித்து இறங்கினான். பெரியவரின் ஒன்றே முக்கால் ஏக்கரில் சீமைக் கருவேல் நிற்கிறது. ஓரமாக ஒரு துண்டில் இளைய மகன் இந்த வருஷம் கேழ்வரகு போட்டுப் பார்த்திருக்கிறான். பிடித்திருந்தது. முழுசாக இல்லை, ஆனாலும் கதிர் வந்திருந்தது. குனிந்து ஒன்றை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன்.

"எத்தனை அணா சார்?" என்று கேட்டான் அவன்.

ஆறணா என்றேன். சிரித்தான். சாப்பிடாமல் போகக்கூடாது என்று வீட்டுக்கு அழைத்துப் போனான். அவன் மனைவி ஷூ கம்பெனிக்குப் போகிறவர், அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். களி, கீரைக் கடைசல், பேரனுக்காகத் தனியாகக் கொஞ்சம் சோறு. மூலையில் இருபது லிட்டர் கேன் கவிழ்த்து வைத்திருந்தது. செம்பில் பிடித்து முதலில் என்னிடம் நீட்டி, "குடிங்க சார், கேன் தண்ணிதான்" என்றார்.